'ஓகே' என்னும் ஆங்கிலச் சொல்லின் வரலாறு: தோற்றம், பொருள் விரிவு, பிறப்புக் கதைகள்

ஆய்வுச் சுருக்கம்

இரண்டே எழுத்துகளால் ஆகிய 'ஓகே' என்னும் சொல், ஆங்கிலத்தில் பெயராகவும் வினையாகவும் அடையாகவும் இடைச்சொல் போலவும் வழங்குவது. 1839இல் பாஸ்டன் நகரச் செய்தித்தாள் ஒன்றில் வேடிக்கைச் சுருக்கமாகத் தோன்றிய இச்சொல், 1840ஆம் ஆண்டு அமெரிக்கக் குடியரசுத் தலைவர் தேர்தலால் பரவி, தந்தி, அலுவலகம், கணினி ஆகியவற்றின் வழியே பல பொருள்களைப் பெற்றது. இச்சொல்லுக்குக் கற்பிக்கப்பட்ட பிறப்புக் கதைகளையும் அவற்றை ஆலன் வாக்கர் ரீட் ஆராய்ந்த முறையையும் இக்கட்டுரை விளக்குகிறது. ஓசை ஒப்புமையை மட்டும் கொண்டு சொற்பிறப்பை நிறுவுவதில் உள்ள இடர்ப்பாடும், தமிழில் இச்சொல் ஏற்றுள்ள வடிவமும் இங்கு ஆராயப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: ஓகே, சொற்பிறப்பியல், குழூஉக்குறி, பலபொருள் ஒருசொல், ஆலன் வாக்கர் ரீட், கடன்சொல்.

முன்னுரை

ஒரு சொல்லுக்கு ஒரு பொருள் ஏன் அமைந்தது என்பதற்கான காரணம் பார்த்த அளவில் புலப்படாது என்பது தொல்காப்பிய உரியியலின் கருத்து. அக்கருத்துக்கு ஆங்கிலத்திலிருந்து ஒரு சான்று காட்ட வேண்டுமெனில் 'ஓகே' என்பதைவிடப் பொருத்தமான சொல்லைக் காண்பது அரிது. உலகின் பெரும்பாலான மொழிகளில் இன்று புழங்கும் இச்சொல்லுக்கு இருநூறு ஆண்டு வயதுகூட நிரம்பவில்லை. ஆயினும் அதன் பிறப்பு நூறாண்டுக்கும் மேலாகத் தெளிவற்றே கிடந்தது. கிரேக்கம், பிரெஞ்சு, ஸ்காட்லாந்து வழக்கு, அமெரிக்கப் பழங்குடி மொழி, மேற்கு ஆப்பிரிக்க மொழிகள் எனப் பல மூலங்கள் அதற்குக் கற்பிக்கப்பட்டன. எழுதப் படிக்கத் தெரியாத குடியரசுத் தலைவர் ஒருவரின் கைப்பிழை என்றும் சொல்லப்பட்டது.

பழமையான சொல்லின் பிறப்பு மறைந்து போவது இயல்பு. அச்சகமும் நாளிதழும் பெருகிய காலத்தில், ஒரு பெருநகரின் நடுவில் பிறந்த சொல்லின் வரலாறு எவ்வாறு மறைந்தது? மறைந்தது எவ்வாறு மீட்கப்பட்டது? இவ்விரு வினாக்களும் ஆங்கிலச் சொல்லாராய்ச்சிக்கு மட்டும் உரியன அல்ல. வேர்ச்சொல் ஆய்வில் ஈடுபடும் எவரும் எதிர்கொள்ள வேண்டியவை அவை.

1839: ஒரு செய்தித்தாள் வேடிக்கை

1838ஆம் ஆண்டின் கோடையில் பாஸ்டன் நகரச் செய்தித்தாள்களிடையே விந்தையான வழக்கம் ஒன்று தோன்றியது. நன்கு அறிந்த தொடர்களை அவற்றின் முதலெழுத்துகளாகச் சுருக்கி எழுதுவது, பிறகு அருகிலேயே அதன் விரிவையும் தருவது. 'எங்கள் முதன்மையான மனிதர்கள்' என்று பொருள்படும் ஆங்கிலத் தொடர் ஓ.எஃப்.எம். ஆயிற்று. 'சொன்னது போதும்' என்பது என்.எஸ். ஆயிற்று. கடன்காரர்களுக்கு அஞ்சி ஊரை விட்டுச் சென்றவரைக் குறிக்க, 'டெக்சஸ் போய்விட்டார்' என்னும் பொருளில் ஜி.டி. என எழுதினர். சிறிது காலத்தில் இவ்விளையாட்டு மேலும் ஒரு படி சென்றது. சுருக்குவதற்கு முன் சொற்களை வேண்டுமென்றே பிழையாக எழுதிக்கொள்வது, அப்பிழையின் முதலெழுத்துகளை எடுத்துக்கொள்வது என்பதே அப்படி. 'ஆல் ரைட்' என்பதை ஓ என்றும் டபிள்யூ என்றும் தொடங்கும் சொற்களாகத் திரித்து ஓ.டபிள்யூ. என்றனர். 'பயனில்லை' என்னும் பொருளுடைய 'நோ யூஸ்' என்பதில், மறுப்பைக் குறிக்கும் 'நோ'வுக்குப் பதிலாக 'அறி' எனப் பொருள்படும், கே எழுத்தில் தொடங்கும் மற்றொரு 'நோ'வை இட்டு, 'யூஸ்' என்பதையும் ஒய் எழுத்தில் தொடங்கும்படி திரித்துக் கே.ஒய். என்றனர். கல்வியறிவு குறைந்தவனின் எழுத்துப் பிழையைப் போலச் செய்து நகைப்பது அக்கால அமெரிக்க நகைச்சுவையில் பெருவழக்கு.

இந்த விளையாட்டின் ஊடேதான் 1839 மார்ச் 23 அன்று பாஸ்டன் மார்னிங் போஸ்ட் இதழின் இரண்டாம் பக்கத்தில் ஓ.கே. என்னும் எழுத்துகள் அச்சேறின. இதழின் ஆசிரியர் சார்லஸ் கார்டன் கிரீன். பிராவிடன்ஸ் நகர இதழ் ஒன்று வெளியிட்ட செய்தியைக் கிண்டல் செய்து எழுதிய சிறு பத்தி அது. மணியடிப்புக்கு எதிரான சங்கம் எனத் தம்மை அழைத்துக்கொண்ட பாஸ்டன் குழுவொன்றின் பயணமே அதன் பொருள். சங்கத்தின் பெயரும் முதலெழுத்துச் சுருக்கமாகவே வழங்கியது என்பது குறிக்கத்தக்கது. அப்பத்தியில் ஓ.கே. என்பதை அடுத்து, 'எல்லாம் சரி' எனப் பொருள்படும் 'ஆல் கரெக்ட்' என்ற விளக்கமும் இடம்பெற்றுள்ளது. 'ஆல்' என்பதை ஏ எழுத்தால் தொடங்காமல் ஓ எழுத்தாலும், 'கரெக்ட்' என்பதைச் சி எழுத்தால் தொடங்காமல் கே எழுத்தாலும் எழுதிய பிழையே இச்சுருக்கத்தின் அடிப்படை. 'சரி' என்னும் பொருளுடைய சுருக்கத்தில் ஓரெழுத்துகூடச் சரியாக இல்லை என்பதுதான் அதன் நகைச்சுவை.

நன்னூல் கூறும் தகுதி வழக்கின் மூன்று வகைகளுள் குழூஉக்குறி ஒன்று. பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பதும் யானைப்பாகர் ஆடையைக் 'காரை' என்பதும் உரைகாரர் காட்டும் எடுத்துக்காட்டுகள். ஒரு குழுவினர் தமக்குள் வழங்கும் அடையாளச் சொல் என்ற அளவில் ஓ.கே.யும் செய்தித்தாள் ஆசிரியர்களின் குழூஉக்குறியே. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. மரபான குழூஉக்குறி பிறரிடமிருந்து பொருளை மறைக்கும். பாஸ்டன் ஆசிரியர்களோ மறைப்பதுபோல் காட்டி, உடனே பொருளையும் உரைத்தனர். வாசகரும் விளையாட்டில் பங்கு பெறவேண்டும் என்பதே நோக்கம்.

அன்று பிறந்த சுருக்கங்களில் பெரும்பான்மையானவை ஓரிரு ஆண்டுகளில் மறைந்தன. ஓ.டபிள்யூ. என்பதை இன்று ஆராய்ச்சியாளர் அன்றி வேறெவரும் அறியார். ஓ.கே.யும் அவ்வாறே மறைந்திருக்கக்கூடும். அதைக் காத்தது அதன் பொருளோ ஓசையோ அன்று. அரசியல் விபத்து ஒன்றே அதைக் காத்தது.

1840: கிண்டர்ஹுக் முதியவர்

1840ஆம் ஆண்டுத் தேர்தலில் மறுமுறை போட்டியிட்ட குடியரசுத் தலைவர் மார்ட்டின் வான் பியூரன், நியூயார்க் மாநிலத்தின் கிண்டர்ஹுக் என்னும் சிற்றூரில் 1782இல் பிறந்தவர். அவரைக் 'கிண்டர்ஹுக் முதியவர்' என்னும் பொருளில் 'ஓல்டு கிண்டர்ஹுக்' என ஆதரவாளர் அழைத்தனர். அதன் முதலெழுத்துகளும் ஓ, கே என்பனவே. அவ்வாண்டு மார்ச்சில் நியூயார்க் நகர ஜனநாயகக் கட்சியினர் ஓ.கே. மன்றம் ஒன்றை அமைத்து, அப்பெயரையே முழக்கமாகவும் கொண்டனர். எதிர்க்கட்சியான விக் கட்சியின் கூட்டத்திற்குள் புகுந்து அவர்கள் கலகம் விளைவித்ததைச் செய்தித்தாள்கள் விரிவாக எழுதின. ஓராண்டுக்கு முன்பே 'எல்லாம் சரி' என்ற பொருளில் வழங்கிய எழுத்துகள் இப்போது ஒரு வேட்பாளரின் பெயரையும் குறித்தன. 'முதியவரே சரியானவர்' என இரு பொருளும் ஒருங்கே தொனித்தன. சிலேடை என்று தமிழர் வழங்கும் அணியே அது.

விக் கட்சியினர் வாளாவிருக்கவில்லை. 1837இல் தொடங்கிய பொருளாதார நெருக்கடியால் வான் பியூரன் மீது மக்கள் சினங்கொண்டிருந்தனர். அதே இரண்டு எழுத்துகளுக்குக் 'கையில் காசில்லை' என்றும் 'கொடிய பேரிடர்' என்றும் பொருள்தரும் பிழைத் தொடர்களை எதிர்க்கட்சி இதழ்கள் புனைந்தன. இரு தரப்பும் ஒரே எழுத்துகளைக் கொண்டு போரிட்டதால் நாடு முழுவதும் அவ்வெழுத்துகள் பரவின. தேர்தலில் விக் கட்சியின் வில்லியம் ஹென்றி ஹாரிசன் 234 தேர்வாளர் வாக்குகளும் வான் பியூரன் 60 வாக்குகளும் பெற்றனர். வான் பியூரன் தோற்றார். அவருடைய முழக்கமோ வென்றது.

கைப்பிழைக் கதையும் ஒரு நீதிமன்றப் பதிவேடும்

இத்தேர்தல் காலத்திலேயே ஒரு பொய்யும் பிறந்தது. ஜேம்ஸ் கார்டன் பென்னெட் நடத்திய நியூயார்க் இதழ், வான் பியூரனுக்கு முன் பதவி வகித்த ஆன்ட்ரூ ஜாக்சனைப் பற்றி ஒரு கதையை வெளியிட்டது. எழுத்தறிவு குறைந்த ஜாக்சன், தாம் ஏற்கும் ஆவணங்களில் 'எல்லாம் சரி' என்பதைப் பிழையாக எழுதி வந்தார். அதன் சுருக்கமே ஓ.கே. என்பது அக்கதை. ஜாக்சனின் எழுத்துப் பிழைகள் பற்றி முன்பே பேச்சு இருந்தமையால் கதை எளிதில் நம்பப்பட்டது. ஜாக்சனின் கையெழுத்தில் இவ்வெழுத்துகள் காணப்படும் ஆவணம் ஒன்றும் கிடைத்ததில்லை.

கதைக்கு ஆவணச் சான்று கிடைத்ததாகத் தோன்றியது 1859இல். டென்னசி மாநில வரலாற்றை எழுதிய பட்னம், சம்னர் கவுன்டி நீதிமன்றப் பதிவேட்டிலிருந்து 1790 அக்டோபர் 6ஆம் நாளைய குறிப்பொன்றை எடுத்துக்காட்டினார். ஹியூ மெக்கேரி என்பவர் காஸ்பர் மேன்ஸ்கருக்கு எழுதிக்கொடுத்த விற்பனைப் பத்திரத்தை வழக்குரைஞர் ஜாக்சன் மெய்ப்பித்தார் என்றும், அது ஓ.கே. எனப்பட்டது என்றும் பட்னம் அதைப் படித்தார். 1839க்கு அரை நூற்றாண்டு முற்பட்ட சான்று! ஆனால் மூலப் பதிவேட்டை ஒப்பிட்டோர் கண்டது வேறு. அக்காலப் பதிவேடுகளில் 'பதிவு செய்ய ஆணையிடப்பட்டது' என்பதைக் குறிக்க ஓ.ஆர். என எழுதுவது எழுத்தர் வழக்கம். விரைந்து எழுதிய ஆர் எழுத்து, கே போலத் தோன்றியது. ஓலைச்சுவடியில் ரகரத்துக்கும் காலுக்கும், ஒற்றுக்கும் உயிர்மெய்க்கும் வேறுபாடு காண இடர்ப்பட்ட பதிப்பாசிரியர்களுக்கு இத்தகைய மயக்கம் புதிதன்று.

இப்பதிவைப் பற்றி இன்னொன்றும் கூறத்தக்கது. அந்த விற்பனைப் பத்திரம் நிலத்துக்கானது அன்று, கால்நடைக்கானதும் அன்று. ஒரு கறுப்பின மனிதரை விற்றதற்கானது. விற்றவர் பெயர் உண்டு, வாங்கியவர் பெயர் உண்டு, மெய்ப்பித்த வழக்குரைஞர் பெயர் உண்டு. பட்னம் எடுத்துக்காட்டிய பகுதியில் விற்கப்பட்டவரின் பெயர் இல்லை. அதன் ஈற்றில் நின்ற இரண்டு எழுத்துகளைப் பற்றிப் பல தலைமுறை ஆய்வாளர்கள் விவாதித்துள்ளனர்.

பிற மூலங்கள்

கற்பிக்கப்பட்ட பிற மூலங்களுள் பெரும்பாலானவற்றை விரித்துப் பேச வேண்டியதில்லை. 'எல்லாம் நன்று' எனப் பொருள்படும் கிரேக்கத் தொடரின் முதலெழுத்துகள் என்பர். ஹெய்ட்டித் தீவின் துறைமுகப் பெயரிலிருந்து வந்தது என்பர். ஸ்காட்லாந்தினரின் உடன்பாட்டுச் சொல் என்பர். இவற்றை இணைப்பது ஓசை ஒன்றே. உள்நாட்டுப் போரின்போது படைவீரர்க்கு வழங்கிய ரொட்டியில் பொறித்த வணிக முத்திரையே மூலம் என்ற கருத்து ஆண்டுக் கணக்கிலேயே வீழ்ந்துவிடுகிறது. அப்போர் தொடங்கியது 1861இல்.

இரண்டு கருதுகோள்கள் மட்டும் தனியே நோக்கத்தக்கவை. சாக்டா பழங்குடி மொழியில் வாக்கிய ஈற்றில் வரும் 'ஓகே' போன்ற இடைச்சொல் ஒன்று 'அவ்வாறே ஆகும்' என்னும் உறுதிப்பொருள் தரும். சைரஸ் பையிங்டன் முதலிய மறைப்பணியாளர் அம்மொழியில் எழுதிய நூல்களில் அச்சொல் காணப்படுகிறது. ஓசையும் பொருளும் ஒருங்கே பொருந்துவதால் 1885இல் வைமன் என்பார் இதையே மூலம் என வாதிட்டார். குடியரசுத் தலைவர் உட்ரோ வில்சன் இக்கருத்தை ஏற்று, தம் ஆவணங்களில் சாக்டா வடிவத்துக்கு ஏற்ற எழுத்துக்கூட்டலையே கையாண்டார்.

மற்றொன்று 1970களின் தொடக்கத்தில் டேவிட் டால்பி முன்வைத்தது. மேற்கு ஆப்பிரிக்காவின் வோலோஃப் மொழியில் 'வாவ் கே' என்பது அழுத்தமான உடன்பாடு. மாண்டே மொழிகளிலும் ஒத்த தொடர்கள் உள்ளன. அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டோர் வழியே இச்சொல் அமெரிக்க ஆங்கிலத்தில் புகுந்தது என்பது டால்பியின் வாதம். இவ்வாதத்தை வெறும் ஓசை ஒப்புமை எனத் தள்ளிவிடுவது முறையன்று. எழுதும் வாய்ப்பு மறுக்கப்பட்டோரின் சொல், அச்சில் ஏறுவதற்கு நெடுங்காலம் முன்பே பேச்சில் வழங்கியிருக்கக்கூடும். முதல் அச்சுச் சான்று ஒரு சொல் 'அதற்குப் பிற்பட்டதன்று' என்பதைக் காட்டுமே அன்றி, 'அதற்கு முற்பட்டதன்று' என்பதைக் காட்டாது. தமிழில் உழவர், மீனவர், கைவினைஞர் சொற்கள் பல நிகண்டுகளில் இடம்பெறாமையும் இதே காரணத்தால்தான். எனினும் ஓ.கே.யைப் பொறுத்தவரை கிடைப்பது தனிச் சான்று அன்று. அதற்கு முன்னும் பின்னும் அதே இதழ்களில், அதே அமைப்பில் தோன்றிய சுருக்கங்களின் தொடர்ச்சியே கிடைக்கிறது. ஓ.டபிள்யூ.வுக்கும் கே.ஒய்.க்கும் ஆப்பிரிக்க மூலமோ சாக்டா மூலமோ தேட எவரும் முயலவில்லை. உடன்பிறப்புகளின் பிறப்பிடம் தெரிந்தபின் ஒன்றுக்கு மட்டும் வேறு பிறப்பிடம் கூற வலுவான காரணம் வேண்டும். அது இதுவரை காட்டப்படவில்லை.

ஓசை ஒப்புமை எத்துணை எளிது என்பதைத் தமிழைக் கொண்டே காணலாம். ஈழத்தமிழில் 'ஆம்' என்பதற்கு 'ஓம்' என்பது நாள்வழக்கு. இலக்கிய வழக்கில் 'உவகை' மருவி 'ஓகை' ஆகி மகிழ்ச்சியைக் குறிக்கும். உடன்பாட்டுக்கும் மகிழ்ச்சிக்கும் உள்ள தொடர்பை விளக்குவதும் கடினமன்று. இவ்விரண்டையும் இணைத்து 'ஓகே' தமிழ்ச்சொல்லே என ஒரு பக்கக் கட்டுரை எழுதிவிடலாம். 1838ஆம் ஆண்டுப் பாஸ்டன் நாளிதழ்களைத் திறவாதவரை அக்கட்டுரைக்கு மறுப்பும் இராது.

ரீட் மேற்கொண்ட ஆய்வுமுறை

அவ்விதழ்களைத் திறந்தவர் கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆலன் வாக்கர் ரீட் (1906–2002). அவருடைய பணியில் மிகுதியாகப் பாராட்டத்தக்கது கண்டுபிடிப்பு மட்டுமன்று. தம் முடிவைத் தாமே திருத்திக்கொண்டதும்தான். 1941இல் அவர் வெளியிட்ட கட்டுரை, 1840இன் ஓ.கே. மன்றத்தையே சொல்லின் தொடக்கமாகக் கொண்டது. கிண்டர்ஹுக் விளக்கம் அப்போது முழுமையானதாகவே தோன்றியது. பின்னர் மன்றம் தோன்றுவதற்கு முற்பட்ட ஆட்சிகள் கிடைத்தன. அவை கிண்டர்ஹுக் விளக்கத்துக்கு ஒவ்வாதவை. ரீட் மீண்டும் இதழ்க் கோப்புகளுக்குத் திரும்பினார். 1963, 1964ஆம் ஆண்டுகளில் அமெரிக்கன் ஸ்பீச் ஆய்விதழில் ஆறு கட்டுரைகளை எழுதி, 1838இன் சுருக்க விளையாட்டு, 1839இன் முதல் ஆட்சி, 1840இன் தேர்தல், ஜாக்சன் கதை, பிற்காலக் கட்டுக்கதைகள் என ஒவ்வொன்றையும் பிரித்து நிறுவினார்.

முந்தைய ஆய்வாளர்கள் பெரும்பாலும் சொல்லைத் தனியே எடுத்து அதற்கு மூலம் தேடினர். ரீட் அச்சொல் நின்ற பத்தியையும், அப்பத்தி நின்ற பக்கத்தையும், அவ்விதழ் எழுதப்பட்ட சூழலின் நகைச்சுவையையும் சேர்த்துப் படித்தார். ஒரு சொல்லின் கூட்டாளிகளைக் கண்டதே அவருக்குத் திறவுகோல் ஆயிற்று. இதழ்கள் எண்ணுருவாக்கம் பெற்ற இக்காலத்தில் ஒரு சொல்லைத் தட்டித் தேடினால் அச்சொல் வரும் இடங்கள் கிடைக்கும். அதன் அருகே ஓ.டபிள்யூ. என்ற ஒன்று இருந்ததைத் தேட வேண்டும் என்பதை எந்தத் தேடுபொறியும் சொல்லாது.

பொருள் விரிந்த தடங்கள்

வேடிக்கையாகப் பிறந்த சொல் வேலைக்குரிய சொல்லாக மாறியது பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில். 1844இல் மோர்சின் தந்தித்தடம் வாஷிங்டனையும் பால்டிமோரையும் இணைத்தபின் தந்தி அலுவலகங்கள் பெருகின. செய்தி முழுமையாக வந்து சேர்ந்தது என்பதை மறுமுனைக்குத் தெரிவிக்கச் சுருங்கிய குறி தேவைப்பட்டது. அமெரிக்க மோர்ஸ் முறையில் ஓ எழுத்து இடைவெளியுடன் கூடிய இரண்டு புள்ளிகள். கே எழுத்து ஒரு கோடு, ஒரு புள்ளி, மீண்டும் ஒரு கோடு. விரைந்து அடிக்கவும் பிழையின்றிக் கேட்கவும் ஏற்றவை. நகைச்சுவை அங்கு மறந்து போயிற்று. 'பெறப்பட்டது' என்னும் பொருள் நின்றது. அலுவலகங்களில் ஆவண ஓரத்தில் இவ்வெழுத்துகளை இட்டுப் பெயர்க்குறி இடுவது ஒப்புதலுக்கு அடையாளமாகியது. அச்சகத்தில் மெய்ப்புத் தாளிலும் அதே குறி. இவ்வழியே 'ஒப்புதல் அளித்தல்' என்னும் வினைப்பொருளும் 'ஒப்புதல்' என்னும் பெயர்ப்பொருளும் வேரூன்றின.

1881 அக்டோபர் 26 அன்று அரிசோனாவின் டூம்ஸ்டோன் நகரில் நிகழ்ந்த துப்பாக்கிச் சண்டை, ஓ.கே. என்னும் பெயர் தாங்கிய குதிரைக் கொட்டில் ஒன்றோடு இணைத்தே நினைக்கப்படுகிறது. சண்டை உண்மையில் நிகழ்ந்தது அக்கொட்டிலுக்குள் அன்று, சற்றுத் தள்ளியிருந்த வெற்று மனையில். திரைப்படங்கள் இடத்தை மாற்றின; பெயரை உலகறியச் செய்தன.

விண்வெளியிலும் இதை ஒத்த நிகழ்வு ஒன்று உண்டு. 1961 மே 5 அன்று ஆலன் ஷெப்பர்டு மேற்கொண்ட பயணத்தின்போது 'ஏ ஓகே' என்னும் தொடர் அவர் வாய்மொழியாகச் செய்தித்தாள்களில் புகழ்பெற்றது. ஒலிப்பதிவை மீளக் கேட்டபோது ஷெப்பர்டு அத்தொடரைக் கூறவே இல்லை எனத் தெரிந்தது. நாசாவின் செய்தித் தொடர்பாளர் ஜான் பவர்ஸ் செய்தியாளர்க்கு அறிவித்தபோது பயன்படுத்திய சொல் அது. இச்சொல்லின் வரலாற்றில், சொன்னவர் ஒருவர், சொன்னதாகக் கருதப்படுபவர் வேறொருவர் என்பது மீண்டும் மீண்டும் நிகழ்கிறது.

கணினித் திரையில் இச்சொல் இடம்பெற்ற வரலாறும் பிழையோடு தொடர்புடையதே. ஆப்பிள் நிறுவனத்தின் லிசா கணினியை உருவாக்கியபோது, கட்டளையை உறுதிப்படுத்தும் பொத்தானில் முதலில் 'செய்' எனப் பொருள்படும் 'டூ இட்' என்னும் தொடரே இருந்தது. சோதனையில் பங்கேற்ற ஒருவர் அதைத் தொடவே தயங்கினார். திரையின் எழுத்துருவில் அத்தொடர் 'மடையன்' எனப் பொருள்படும் 'டோல்ட்' என்னும் ஒரே சொல்லாகத் தெரிந்ததே காரணம். அதன்பின் பொத்தானில் 'ஓகே' வந்தமர்ந்தது. சம்னர் கவுன்டிப் பதிவேட்டில் ஓர் எழுத்தின் வடிவ மயக்கம் பொய்யான ஓ.கே. ஒன்றைத் தோற்றுவித்தது. கணினித் திரையில் அதே வகை மயக்கம் உண்மையான ஒன்றைக் கொண்டுவந்தது.

இலக்கண நிலையும் பொருள் நுட்பமும்

ஆங்கிலத்தில் இச்சொல்லின் பொருள்கள் பல எனினும் அவற்றின் நடுவே ஒரு பொதுத்தன்மை உண்டு. அது உடன்படும், ஆனால் பாராட்டாது. உணவு 'ஓகே' என்றால் உண்ணத்தக்கது, அவ்வளவே. சமைத்தவர் அதைக் கேட்டு மகிழமாட்டார். விபத்தில் சிக்கியவர் 'ஓகே' என்றால் அதைவிட நற்செய்தி இல்லை. ஒரே சொல் ஓரிடத்தில் குறையையும் மற்றோரிடத்தில் நிறைவையும் தருகிறது. தாமஸ் ஹாரிஸ் 1960களின் இறுதியில் எழுதிய உளவியல் நூலின் தலைப்பு 'நானும் ஓகே, நீயும் ஓகே' என அமைந்து பெரும்புகழ் பெற்றதும் இந்நடுநிலையால்தான். 'நல்லவன்' என்றோ 'உயர்ந்தவன்' என்றோ கூறியிருந்தால் மதிப்பீடு புகுந்திருக்கும். 'ஓகே' ஏற்பை மட்டும் கூறுகிறது.

பேச்சில் அது பொருளையே இழந்து, உரையாடலை நகர்த்தும் குறியாகவும் நிற்கும். ஒரு செய்தியை முடித்து அடுத்ததைத் தொடங்கும்போதும், பிறர் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருப்பதை உணர்த்தும்போதும், தொலைபேசிப் பேச்சை முடிக்கத் தொடங்கும்போதும் வருவது இவ்வகை. பலபொருள் ஒருசொல்லின் பொருளை அதனோடு வரும் வினையாலும் இனத்தாலும் சார்பாலும் தெளியலாம் என்பது தொல்காப்பியக் கிளவியாக்கத்தின் நெறி. இச்சொல்லுக்கு நான்காவதாக ஒன்றும் வேண்டும்: குரலின் ஏற்ற இறக்கம். நீட்டி உயர்த்தினால் ஐயம். குறுக்கித் தாழ்த்தினால் சினம் கலந்த இணக்கம். அச்சில் இவ்வேறுபாடு தோன்றாது.

தமிழில் 'ஓகே'

ஆங்கிலச் சொல் ஒன்று தாங்கும் பொருள்களைத் தமிழ் பல சொற்களுக்குப் பகிர்ந்தளித்துள்ளது. உடன்பாட்டுக்குச் 'சரி'; அலுவலகத்தில் 'ஒப்புதல்'; மூத்தோர் வேண்டுகோளை ஏற்குங்கால் 'ஆகட்டும்'; தீங்கில்லை என்பதற்குப் 'பரவாயில்லை'. 'சரி' என்பதே இவற்றுள் பரப்பு மிக்கது. ஒப்புமை, நேர்மை, செம்மை ஆகிய பொருள்களிலிருந்து உரையாடல் குறி வரை அது விரிந்துள்ளது. 'சரிதான்' என்பதில் ஏளனமும் ஏறும். ஆகவே தமிழில் இடம் வெறுமையாக இருந்ததால் 'ஓகே' புகுந்தது என்று கூற இயலாது. 'ஆகட்டும்' என்பதில் சொல்வோன், கேட்போன் இருவரின் உயர்வு தாழ்வு புலப்படும். 'ஓகே' அத்தகைய உறவைக் குறிப்பதில்லை. மேலதிகாரியிடமும் நண்பனிடமும் ஒருசேரச் சொல்லத்தக்கது என்பது அதற்கு வாய்த்த வசதி.

தமிழில் புகுந்தபின் அது தமிழ் உருபுகளை ஏற்றது. 'ஓகே பண்ணு', 'ஓகே ஆகிவிட்டது', 'ஓகேதான்' என்பன அன்றாட வழக்கு. வினா வடிவம் நோக்கத்தக்கது. ஏகார ஈற்றின் முன் உயிர் வந்தால் யகரம், வகரம் இரண்டும் உடம்படுமெய்யாக வரலாம் என்பது நன்னூல் விதி. வழக்கில் பெரிதும் நிலைபெற்றது 'ஓகேவா' என்னும் வகர வடிவமே. எழுத்திலும் ஒரு முரண் உண்டு. உயிர்களுக்கு இடைப்பட்ட தனிக் ககரம் தமிழில் மெலிந்து ஒலிப்பது இயல்பு. வல்லொலி வேண்டின் 'ஓக்கே' என இரட்டித்து எழுத வேண்டும். அவ்வாறு எழுதுவோரும் உளர். ஆனால் பெரும்பாலோர் 'ஓகே' என எழுதி 'ஓக்கே' என்றே படிக்கின்றனர்.

2012இல் எம். ராஜேஷ் இயக்கத்தில் வெளிவந்த 'ஒரு கல் ஒரு கண்ணாடி' என்னும் திரைப்படம், அதன் நான்கு சொற்களின் ஆங்கில முதலெழுத்துகளைக் கொண்டு 'ஓகே ஓகே' என வழங்கப்பட்டது. 2015இல் வெளிவந்த மணிரத்னத்தின் 'ஓ காதல் கண்மணி', 'ஓகே கண்மணி' ஆயிற்று. ஒரு தொடரின் முதலெழுத்துகளைப் பிரித்தெடுத்து, அவை வேறொரு பொருளையும் தருமாறு அமைத்து மகிழும் இவ்விளையாட்டைச் சென்னைச் சுவரொட்டிகளில் கண்டிருந்தால், சார்லஸ் கார்டன் கிரீனுக்கு விளக்கம் எதுவும் தேவைப்பட்டிராது.